மகள்களின் பாகம்: ஜோசன் கொரியாவில் குடும்பம் மாறிய கதை

கன்பூசிய நெறியைத் தழுவிய முடியாட்சிகளின் குடும்ப வாழ்வைப் பற்றிப் பேசும்போது பெரும்பாலோர் மனத்தில் எழும் சித்திரம் ஒன்றே: தந்தையின் சொல்லுக்கு அடங்கிய மகன், கணவன் வீட்டில் மாமியாருக்குக் கீழ்ப்படிந்து வாழும் மருமகள், முன்னோருக்குப் படையல் செய்யும் உரிமையையும் நிலத்தையும் ஒருசேரப் பெறும் மூத்த மகன், மணமாகிப் போனபின் பிறந்த வீட்டோடு உரிமை ஏதுமற்ற மகள். சீனம், கொரியா, வியட்நாம் ஆகிய மூன்று நாடுகளுக்கும் இச்சித்திரம் ஏறத்தாழப் பொதுவாகவே தீட்டப்படுகிறது. அம்மூன்றனுள் கன்பூசிய நெறியை மிகக் கண்டிப்பாகக் கடைப்பிடித்த நாடு என்று பெயர்பெற்ற கொரியாவில், இச்சித்திரம் 17ஆம் நூற்றாண்டுக்கு முந்தைய குடும்பங்களுக்குச் சற்றும் பொருந்தாது என்பதை அக்குடும்பங்கள் எழுதிவைத்த பாகப்பிரிவினைப் பத்திரங்களும் வம்சாவளி நூல்களும் ஐயத்துக்கு இடமின்றிக் காட்டுகின்றன. நினைவுக்கு எட்டாத காலந்தொட்டு வந்த மரபு என்று பிற்காலத்தார் நம்பியது, சட்டத்தாலும் வாதத்தாலும் நிலத்தின் நெருக்கடியாலும் மெல்ல மெல்ல உருவாக்கப்பட்ட ஓர் ஏற்பாடு.

918 முதல் 1392 வரை நிலவிய கோரியோ அரசின் காலத்தில் மணமகன் மணமகளின் வீட்டுக்குச் சென்று அங்கேயே திருமணம் செய்துகொண்டு, பல ஆண்டுகள், சில வேளை ஆயுள் முழுவதும், மாமனார் வீட்டில் வாழ்வது இயல்பாக இருந்தது. பிள்ளைகள் தாய்வழிப் பாட்டன் வீட்டில் பிறந்து வளர்ந்தனர். கணவனை இழந்தவர் மறுமணம் செய்துகொள்வதில் பெரிய களங்கம் எதுவும் கருதப்படவில்லை. சொத்து மகன், மகள் என்ற வேறுபாடின்றிப் பங்கிடப்பட்டது. மனைவி கொண்டுவந்த நிலமும் அடிமைகளும் அவள் பெயரிலேயே தனியாகக் கணக்கில் நின்றமையால், அவள் பிள்ளையின்றி இறந்தால் அச்சொத்து பிறந்த வீட்டுக்கே திரும்பிச் சென்றது. முன்னோருக்கான சடங்குகள் பெரும்பாலும் புத்த விகாரங்களில் நடந்தன. அவற்றின் செலவை உடன்பிறந்தார் அனைவரும் முறைவைத்து ஏற்றுக்கொண்டனர்.

1392இல் யி வம்சத்தார் ஜோசன் அரசை நிறுவியபோது அவர்களுக்குத் துணைநின்ற அறிஞர்கள், ஆட்சியை மட்டுமன்றி ஒவ்வொரு வீட்டின் உள்ளமைப்பையும் மாற்றுவதே தம் கடமை என்று உறுதியாக நம்பினர். அவர்களுக்கு வழிகாட்டியது 12ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த சீன மெய்யியலார் ஜு ஷி வகுத்த புதுக் கன்பூசியம். அவர் பெயரால் வழங்கிய குடும்பச் சடங்கு நூல் வாழ்வின் நான்கு பெருஞ்சடங்குகளை, அதாவது வயதுக்கு வருதல், திருமணம், இறுதிச் சடங்கு, முன்னோர் வழிபாடு ஆகியவற்றை, எவ்வாறு நடத்த வேண்டும் என்று நுணுக்கமாக வகுத்துரைத்தது. வீட்டின் வளாகத்தில் முன்னோர் பெயர்ப்பலகைகளை வைத்து வழிபடும் சிற்றாலயம் ஒன்று இருக்க வேண்டும். நான்கு தலைமுறை முன்னோருக்குப் படையல் இட வேண்டும். அதை நடத்தும் உரிமை மூத்த மகனுக்கும் அவனுடைய மூத்த மகனுக்குமாகத் தந்தைவழியில் மட்டுமே இறங்க வேண்டும். புதிய அரசின் முதன்மைச் சிற்பியான ஜோங் தோஜோன், மணமகன் பெண்வீட்டில் போய்த் தங்கும் வழக்கத்தைக் கடுமையாகக் கண்டித்தார். பெற்றோரின் செல்வத்தை நம்பி மனைவி கணவனை மதியாமல் போவதற்கு அவ்வழக்கமே காரணம் என்பது அவருடைய வாதம். அவ்வாதத்தைக் கூர்ந்து நோக்கினால், சீர்திருத்தக்காரர்களின் கவலை நூல்நெறியைப் பற்றியது மட்டுமன்று, பெண்ணின் கையிலிருந்த சொத்தைப் பற்றியதும்தான் என்பது விளங்கும்.

அரசின் முதல் கருவி சட்டமாக இல்லாமல் புத்தகமாக இருந்தது. 1428இல் ஜின்ஜு ஊரைச் சேர்ந்த ஒருவன் தன் தந்தையைக் கொன்றான் என்ற செய்தி அரசவைக்கு எட்டியபோது, தண்டனை மட்டும் போதாது, மக்களுக்கு நெறி கற்பிக்கவும் வேண்டும் என்று மன்னர் சேஜோங் கருதினார். அதன் விளைவாக 1434இல் மூன்று பிணைப்புகளை விளக்கும் படநூல் ஒன்று வெளியாயிற்று. மூன்று பிணைப்புகள் எனப்படுபவை மன்னன்–குடி, தந்தை–மகன், கணவன்–மனைவி என்ற உறவுகள். ஒவ்வொன்றிலும் முன்னவர் தலைவர், பின்னவர் பணிபவர். பற்றுறுதியுள்ள குடிகள், பெற்றோரைப் பேணிய பிள்ளைகள், கற்புக்காக உயிர்நீத்த மனைவியர் ஆகியோரின் கதைகளைப் படங்களோடு தந்த இந்நூல், எழுத்தறியாதோரும் பார்த்துப் புரிந்துகொள்ளும் நோக்கில் மரப்பலகைகளில் செதுக்கி அச்சிடப்பட்டது. சேஜோங் தாமே உருவாக்கி 1446இல் வெளியிட்ட கொரிய எழுத்தில் அதன் விளக்கம் 1481இல் வந்தது. இடையே 1475இல் மன்னர் சோங்ஜோங்கின் தாயார் சோஹ்யே அரசியார் அரண்மனைப் பெண்களுக்காகச் சீன நூல்களிலிருந்து திரட்டிய ‘நேஹுன்’ என்னும் ஒழுக்கநூலை இயற்றினார். பெண்களை அடக்கும் நெறியை வகுத்த அந்நூலே, கொரியப் பெண் ஒருவர் எழுதிய நூல்களில் மிகப் பழையவற்றுள் ஒன்றாகவும் நிற்கிறது.

திருமண வழக்கத்தை மாற்றுவது இதைவிடப் பன்மடங்கு கடினமாயிற்று. ஜு ஷியின் முறைப்படி மணமகன் பெண்வீட்டுக்குச் சென்று மணமகளை அழைத்துவந்து, தன் வீட்டிலேயே சடங்கை முடிக்க வேண்டும். அரச குடும்பம் முன்மாதிரியாக நின்றால் குடிகள் பின்பற்றுவர் என்ற எண்ணத்தில் 1435இல் சேஜோங்கின் மாற்றாந்தாய்க்குப் பிறந்த தங்கையான இளவரசி சுக்சினின் திருமணம் இம்முறையில் நடத்தப்பட்டது. 1517இல் மன்னர் ஜுங்ஜோங் தாமே நேரில் சென்று தம் அரசியை அழைத்துவந்தார். ஆயினும் ‘யாங்பான்’ எனப்பட்ட கல்வியும் பதவியும் நிலமும் உடைய உயர்குடியினர் தம் பெண்களை அவ்வாறு அனுப்ப மனம் ஒப்பவில்லை. மகளுக்கும் பாகம் உண்டு என்ற நிலை இருக்கும்வரை, அவள் பாகத்து நிலம் பெரும்பாலும் பிறந்த ஊரை ஒட்டியே இருக்கும். அந்நிலத்தின் அருகே மருமகன் வந்து குடியிருப்பதே இரு குடும்பத்துக்கும் வசதி. 16ஆம் நூற்றாண்டின் நடுவில் சில அறிஞர்கள் ஒரு சமரசத்தை முன்வைத்தனர்: திருமணம் பெண்வீட்டிலேயே நடக்கட்டும், ஆனால் மணமகள் மாமனார் மாமியாரைக் காண விரைவில் புறப்படட்டும். பாதி நூல்முறையும் பாதி ஊர்வழக்கமுமான இந்த ஏற்பாடுதான் நிலைத்தது. பெண்வீட்டில் தங்கும் காலம் ஆண்டுகளிலிருந்து மாதங்களாகவும், மாதங்களிலிருந்து நாட்களாகவும் சுருங்க இரண்டு நூற்றாண்டுகள் பிடித்தன.

1485இல் நடைமுறைக்கு வந்த ‘கியோங்குக் தேஜோன்’ என்னும் பெருஞ்சட்டத் தொகுப்பு, இந்தப் பழைய வழக்கத்துக்கும் புதிய நெறிக்கும் இடையே அரசு எங்கே நின்றது என்பதைத் தெளிவாக்குகிறது. மூல மனைவியின் பிள்ளைகள் ஆணாயினும் பெண்ணாயினும் சமபங்கு பெற வேண்டும் என்று அது விதித்தது. முன்னோர் படையலை ஏற்கும் பிள்ளைக்கு ஐந்தில் ஒரு பங்கு மட்டும் கூடுதலாகக் கிடைத்தது. துணைமனைவியரின் பிள்ளைகள் விஷயத்தில் அதே சட்டம் கை இறுக்கியது: தாய் குடியுரிமை உள்ளவளானால் மூல மனைவியின் பிள்ளை பெறுவதில் ஏழில் ஒன்று, தாய் அடிமையானால் பத்தில் ஒன்று. படையலிலும் சட்டம் நூலைவிடத் தளர்வாகவே இருந்தது. ஆறாம் தரத்துக்கு மேற்பட்ட அதிகாரிகள் மூன்று தலைமுறைக்கும், அதற்குக் கீழுள்ளோர் இரண்டு தலைமுறைக்கும், பொதுமக்கள் பெற்றோருக்கு மட்டும் படையல் இட்டால் போதும் என்றது. பிற்காலத்தில் உயர்குடியினர் நான்கு தலைமுறைக்கும் படையல் இடத் தொடங்கியபோது அவர்கள் சட்டத்தை மீறினார்களேயன்றி அதற்குப் பணியவில்லை. சமூகமே அரசை முந்திச் சென்ற இடம் இது.

இச்சட்டம் ஒரு வீட்டுக்குள் எவ்வாறு செயற்பட்டது என்பதை அறிய, கொரியாவின் மிகப் பெரிய கன்பூசிய அறிஞர்களுள் ஒருவரான யுல்கோக் என்னும் யி ஐயின் குடும்பத்தைவிடச் சிறந்த சான்று கிடைப்பது அரிது. யுல்கோக் 1536இல் கிழக்குக் கரையில் உள்ள கங்நுங்கில், ஓஜுக்ஹோன் என்னும் வீட்டில் பிறந்தார். அது அவருடைய தந்தை வீடு அன்று, தாய்வழிப் பாட்டி வாழ்ந்த வீடு. தாயார் சின் சைம்தாங் 1504இல் அதே வீட்டில் பிறந்தவர்; ஓவியத்திலும் கவிதையிலும் புகழ்பெற்றவர். மணமான பின்னும் பல ஆண்டுகள் பிறந்த வீட்டைச் சார்ந்தே வாழ்ந்து, முப்பத்தெட்டாவது வயதை ஒட்டியே தலைநகருக்குச் சென்று கணவன் வீட்டுப் பொறுப்பை முழுமையாக ஏற்றார். அவருடைய தாயாரான யி அம்மையாருக்கு ஆண்பிள்ளை இல்லை, ஐந்து பெண்கள். பிற்காலமானால் பங்காளிகளிடமிருந்து ஒரு பையனைத் தத்தெடுக்கும்படி அவ்வம்மையார் நெருக்கப்பட்டிருப்பார். 16ஆம் நூற்றாண்டில் அவர் தம் சொத்தை ஐந்து மகள்களுக்கும் பிரித்துக் கொடுத்து, தமக்குப் படையல் செய்யும் பொறுப்பையும் அதற்கெனத் தலைநகரில் ஒரு வீட்டையும் மகள்வயிற்றுப் பேரனான யுல்கோக்குக்கும், கல்லறைகளைப் பேணும் பொறுப்பையும் ஓஜுக்ஹோன் வீட்டையும் மற்றொரு மகளின் மகனான க்வோன் சோக்யுனுக்கும் அளித்தார். பாட்டிக்கு மகள்வழிப் பேரன் படையல் இடுவதை அன்றைய கன்பூசிய அறிஞர் உலகின் தலைமகன் ஏற்றுச் செய்தார் என்பது சிறிய செய்தி அன்று.

சைம்தாங் 1551இலும் அவருடைய கணவர் யி வொன்சு 1561இலும் இறந்தனர். 1566இல் அவர்களுடைய நான்கு மகன்களும் மூன்று மகள்களும், தந்தையின் துணைமனைவியும் கூடிச் செய்துகொண்ட பாகப்பிரிவினைப் பத்திரம் இன்றும் அழியாமல் இருக்கிறது. கொரிய அரசு அதைப் பொக்கிஷங்களுள் ஒன்றாகப் பதிவு செய்துள்ளது. படையலுக்கும் கல்லறைப் பராமரிப்புக்கும் உரிய நிலத்தை முதலில் ஒதுக்கிவிட்டு, எஞ்சிய வயல்களையும் அடிமைகளையும் ஏழு பேருக்கும் ஒத்த பங்காகப் பிரித்துள்ளனர். நிலத்தின் விளைவும் அடிமைகளின் வயதும்கூடக் கணக்கில் கொள்ளப்பட்டன. ஒருவருக்கு முதியவர் வந்தால் மற்றவருக்கு இளையவர் மட்டுமே வந்துவிடாதபடி நிறுத்துப் பார்த்துப் பகிர்ந்தனர்.

இச்சமத்துவத்தைப் பொற்காலம் என்று போற்றுவோர் ஒரு கணம் நிற்க வேண்டிய இடம் இதுவே. மகளுக்கும் மகனுக்கும் ஓரவஞ்சனையின்றிப் பகிரப்பட்டவற்றுள் மனிதர்களும் இருந்தனர். ‘நோபி’ எனப்பட்ட இந்த அடிமைகள் சில காலங்களில் மக்கள்தொகையில் மூன்றில் ஒரு பங்கு வரை இருந்தனர் என்று ஆய்வாளர் மதிப்பிடுகின்றனர். பாகம் சரியாக விழ வேண்டும் என்பதற்காகத் தாய் ஒரு பங்கிலும் பிள்ளை மற்றொரு பங்கிலும் சேர்க்கப்படுவது பத்திரங்களில் மிகச் சாதாரணமாகக் காணப்படுகிறது. உயர்குடி மகளின் உரிமையைக் காத்த அதே நுட்பமான கணக்கு, அடிமைக் குடும்பத்தைத் தயக்கமின்றிக் கூறுபோட்டது. தந்தை–மகன் பிணைப்பைப் பற்றி நூல்கள் சொன்னவை அக்குடும்பத்துக்குப் பொருந்துவனவாக எவராலும் கருதப்படவில்லை. 1731இல்தான், பிள்ளை தாயின் நிலையையே பெறும் என்ற விதி உறுதியாகி, அடிமைத் தந்தைக்கும் குடியுரிமை உள்ள தாய்க்கும் பிறந்தோர் விடுதலை பெற வழி பிறந்தது.

பாகப்பத்திரங்கள் சொல்வதையே வம்சாவளி நூல்களும் உறுதிசெய்கின்றன. ‘ஜோக்போ’ எனப்படும் இந்நூல்களில் இன்று கிடைப்பவற்றுள் மிகப் பழையது ஆன்தோங் ஊரை மூலமாகக் கொண்ட க்வோன் குலத்தார் 1476இல் தொகுத்தது. அதில் பிள்ளைகள் ஆண், பெண் என்று பிரிக்கப்படாமல் பிறந்த வரிசையிலேயே இடம்பெறுகின்றனர். மகளின் மகன், அவன் மகளின் மகன் என்று பெண்வழிக் கிளைகளும் தடையின்றித் தொடர்கின்றன. அதனால் அதில் காணும் ஆயிரக்கணக்கான பெயர்களில் க்வோன் குலப்பெயர் உடையோர் மிகச் சிறுபான்மையே. மறுமணம் செய்துகொண்ட பெண்ணின் இரண்டாம் கணவன் பெயரும் ஒளிவுமறைவின்றிக் குறிக்கப்பட்டுள்ளது. 1565இல் முன்ஹ்வா யு குலத்தார் வெளியிட்ட வம்சாவளியும் இவ்வாறே விரிந்து செல்கிறது. 17, 18ஆம் நூற்றாண்டு நூல்களைப் புரட்டினால் மகன்கள் முதலிலும் மகள்கள் கடைசியிலுமாக வரிசை மாறுவதையும், மகள்களுடைய வழி ஓரிரு தலைமுறையோடு அறுந்துபோவதையும் காணலாம். குடும்பம் என்பதன் எல்லையே பங்காளிகள் அளவில் சுருங்கிவிட்டது.

சொத்து விஷயத்தில் தயங்கிய அரசு, பெண்களின் ஒழுக்க விஷயத்தில் மட்டும் தயங்கவே இல்லை. விகாரங்களுக்குச் செல்லும் பெண்ணுக்கு நூறு அடி என்று சட்டம் விதித்தது. 1477இல் கைம்பெண் மறுமணத்தைப் பற்றி சோங்ஜோங் அரசவையில் விவாதம் எழுந்தபோது, அமைச்சர்களில் பெரும்பாலோர் மறுமணத்தை முற்றாகத் தடுக்க வேண்டாம், மூன்றாம் முறை மணம்புரிவோரை மட்டும் தடுத்தால் போதும் என்றனர். ஆதரவற்ற இளங்கைம்பெண் எப்படிப் பிழைப்பாள் என்ற கேள்வியையும் சிலர் எழுப்பினர். மன்னர் சிறுபான்மையினரின் பக்கமே சாய்ந்தார். மறுமணம் செய்துகொண்ட பெண்ணின் மகன்களும் பேரன்களும் அரசுத் தேர்வு எழுதித் தகுதியான பதவி பெற முடியாது என்ற விதி 1485 சட்டத்தில் ஏறிற்று. பெண்ணைத் தண்டிக்காமல் அவள் பிள்ளையின் எதிர்காலத்தைப் பிணையாகப் பிடித்த இவ்விதியைப் போல ஓசையின்றிக் கொடுமை செய்த சட்டம் அத்தொகுப்பில் வேறொன்று இருப்பது அரிது. அதே மன்னர் 1480இல், பிறர் பலரோடு உறவுகொண்டாள் என்று குற்றஞ்சாட்டப்பட்ட ஓஉதோங் என்னும் உயர்குடிப் பெண்ணுக்கு, சட்டம் விதித்த தண்டனை அவ்வளவு கடுமையானதன்று என்று அமைச்சர் சிலர் எடுத்துரைத்தும், மரண தண்டனை வழங்கினார்.

பெரும் திருப்பம் 17ஆம் நூற்றாண்டில் நேர்ந்தது. அதற்குக் காரணமாக ஒன்றையே சுட்டுவது பொருந்தாது. தலைமுறைதோறும் ஏழெட்டுப் பங்காகப் பிரிந்த நிலம் உயர்குடி வாழ்வைத் தாங்கும் அளவைவிடக் குறையத் தொடங்கியிருந்தது. புதிதாகத் திருத்தத்தக்க தரிசும் அருகிவிட்டது. 1592 முதல் 1598 வரை நீடித்த ஜப்பானியப் படையெடுப்பிலும், 1627, 1636ஆம் ஆண்டுகளின் மஞ்சூப் படையெடுப்புகளிலும் பதிவேடுகள் எரிந்தன. அடிமைகள் தப்பி ஓடினர். பல குடும்பங்கள் அடியோடு நொடித்தன. மறுபுறம் ஜு ஷியின் நூலை இரண்டு நூற்றாண்டுகளாகப் பயின்று தோய்ந்த ஊர்ப்புற அறிஞர்களுக்கு, சடங்கைப் பிழையின்றிச் செய்வதே தம் குடியுயர்வின் அடையாளமாயிற்று. 1644இல் சீனத்தில் மிங் ஆட்சி வீழ்ந்து, கொரியர் நாகரிகமற்றோராகக் கருதிய மஞ்சூக்கள் அரியணை ஏறியபின், உண்மையான கன்பூசிய நெறி தம் நாட்டில் மட்டுமே உயிரோடு இருக்கிறது என்ற எண்ணம் அவ்வறிஞர்களிடையே வேரூன்றியது. நிலத்தைச் சிதறாமல் காக்க வேண்டிய தேவையும் சடங்கைத் தூய்மையாக்கும் வேட்கையும் ஒரே திசையில் இழுத்தபோது, விட்டுக்கொடுக்க வேண்டியவள் மகளாக இருந்தாள்.

இம்மாற்றம் நிகழும் கணத்தையே பதிவு செய்துள்ள பத்திரம் ஒன்று உண்டு. தென்மேற்கில் பூவான் பகுதியைச் சேர்ந்த கிம் குலத்தின் கிம் ம்யோங்யோல் 1669இல் தம் பிள்ளைகளுக்காக எழுதிவைத்தது அது. மணமாகிச் சென்ற மகள் அயல்வீட்டைச் சேர்ந்தவள், அவள் முறைவைத்துச் செய்யும் படையல் ஒழுங்காக நடப்பதில்லை, ஆதலால் இனிப் படையல் முறையில் மருமகன்களுக்கும் மகள்வழிப் பேரர்களுக்கும் இடமில்லை என்று அறிவித்த அவர், பெற்றோர் பாசத்தில் மகனும் மகளும் ஒன்றே என்பதையும் ஏற்றுக்கொண்டு, படையல் பொறுப்பு நீங்கியதால் மகளுக்கு மகன் பெறும் நிலத்தில் மூன்றில் ஒரு பங்கே உரியது என்று முடித்தார். பாசத்தை ஒப்புக்கொண்ட அதே மூச்சில் பங்கைக் குறைத்த இந்த ஆவணம், அத்தலைமுறைத் தந்தையர் தம் மனத்துக்குள் நடத்திய வழக்கின் தீர்ப்பைப் போல அமைந்துள்ளது. சட்டம் இன்னும் சமபங்கையே விதித்திருந்தது. எந்த மன்னரும் அவ்விதியை நீக்கவில்லை. பத்திரம் எழுதுவோர்தாம் அதைக் கைவிட்டனர். 18ஆம் நூற்றாண்டில் பல குடும்பங்களில் மகளுக்கு நிலமே இல்லை என்ற நிலை வந்தது; தம்பிமாரின் பங்கும் மூத்தவனுக்காகக் குறைந்தது.

மூத்தவன் யார் என்பது நாட்டையே பிளக்கும் கேள்வியாகவும் ஆயிற்று. 1659இல் மன்னர் ஹ்யோஜோங் இறந்தபோது, அவருடைய சிற்றன்னையான பேரரசியார் எத்தனை காலம் துக்கம் காக்க வேண்டும் என்ற வாதம் எழுந்தது. ஹ்யோஜோங் இரண்டாம் மகனாகப் பிறந்து அரியணை ஏறியவர். அரியணை ஏறினாலும் அவர் இரண்டாம் மகனே, ஆதலால் ஓராண்டு போதும் என்று சோங் சியோல் தலைமையிலான மேற்கத்தியர் என்னும் கட்சியார் கூறினர். மன்னரானதால் அவரே மூத்த மகன், மூன்றாண்டு காக்க வேண்டும் என்று ஹோ மோக், யுன் ஹ்யு முதலிய தெற்கத்தியர் வாதிட்டனர். 1674இல் ஹ்யோஜோங்கின் அரசியார் இறந்தபோது அதே கேள்வி மீண்டும் எழுந்து ஆட்சியையே கைமாற்றியது. துக்கக் காலம் பற்றிய இவ்வழக்கு, மன்னன் வீட்டுக்கும் குடிகள் வீட்டுக்கும் ஒரே குடும்ப நெறியா என்ற ஆழ்ந்த கேள்வியை உள்ளடக்கியிருந்தது. அதில் ஈடுபட்டோர் தம் பதவியையும் உயிரையும் பணயம் வைத்தே வாதாடினர்.

அந்நூற்றாண்டின் மனப்போக்கு பெண்கள்மீது எவ்வாறு விழுந்தது என்பதை 1636 போருக்குப் பின் நடந்தவை காட்டுகின்றன. மஞ்சூக்களால் பல்லாயிரவர் சிறைபிடித்துச் செல்லப்பட்டனர். அவர்களுள் சிலரைக் குடும்பத்தார் பணம் கொடுத்து மீட்டனர். மீண்டுவந்த பெண்களை ஏற்கக் கணவன் வீட்டார் மறுத்தனர். 1638இல் ஜாங் யூ என்னும் உயரதிகாரி, சிறையிலிருந்து மீண்ட தம் மருமகள் முன்னோர் படையலில் பங்குகொள்ளத் தகாதவள், தம் மகன் அவளை விலக்கி வேறு மணம் செய்ய அனுமதி வேண்டும் என்று மன்னர் இன்ஜோவிடம் விண்ணப்பித்தார். அமைச்சர் சுவே மியோங்கில் அதை எதிர்த்தார்: விலக்கு அனுமதிக்கப்பட்டால் மீட்க ஆளின்றி எண்ணற்ற பெண்கள் அயல்நாட்டிலேயே மாண்டுபோவர், சிறைப்பட்டோர் அனைவரும் கற்பிழந்தோர் என்று எவ்வாறு கொள்ள முடியும் என்றார். மன்னர் அவர் சொல்லை ஏற்று விலக்கை மறுத்தார். ஆனால் உயர்குடி ஆண்கள் அதைப் பொருட்படுத்தாமல் வேறு பெண்களை மணந்தனர். அரச வரலாற்றைப் பதிவு செய்த அலுவலர் சுவே மியோங்கிலையே நெறியைக் கெடுத்தவர் என்று பழித்து எழுதினார். போரில் தோற்ற ஆண்களின் அவமானத்தைப் பெண்கள் சுமக்க நேர்ந்த அந்த ஆண்டுகளில், இரக்கத்தோடு பேசிய ஒரே பெருங்குரலுக்கு வரலாற்றுப் பதிவேடு வழங்கிய கூலி அது.

18ஆம் நூற்றாண்டுக்குள் இன்று கன்பூசிய மரபு என்று அறியப்படும் குடும்பம் முழு உருவம் பெற்றுவிட்டது. ஒரே குலத்தார் வாழும் ஊர்கள் பெருகின. அவ்வூரின் நடுவே மூத்த வழியின் தலைவீடு; அதில் ஆண்கள் விருந்தினரை ஏற்கும் முன்கட்டும் பெண்கள் புழங்கும் உட்கட்டும் மதிலாலும் வாயிலாலும் பிரிக்கப்பட்டிருந்தன. தலைவீட்டின் மூத்த மருமகளுக்கு ஆண்டு முழுவதும் படையல் சமைப்பதும் விருந்தினருக்கு உணவு பரிமாறுவதும் ஓயாத வேலை. நள்ளிரவில் நடந்த படையலில் பெயர்ப்பலகைக்கு முன் நின்று வணங்கியோர் பெரும்பாலும் ஆண்களே. ஆண்வாரிசு இல்லாத வீட்டில் பங்காளி மகனைத் தத்தெடுப்பது வழக்கமாயிற்று. மூல மனைவிக்கும் துணைமனைவிக்கும் ஆண்பிள்ளை இல்லாவிட்டால் மட்டுமே தத்து எடுக்கலாம் என்று 1485 சட்டம் சொல்லியிருந்தும், துணைமனைவியின் மகன் கண்முன் இருக்க, தூரத்துப் பங்காளியின் மகனைக் கொண்டுவந்து வாரிசாக்கினர். மூல மனைவிக்கு ஆண்பிள்ளை இல்லாத யுல்கோக் துணைமனைவியின் மகனையே வாரிசாக விட்டுச்சென்றார் என்பது அவரைப் போற்றியவர்களுக்கே பின்பற்றத்தக்கதாகத் தோன்றவில்லை.

இந்தத் துணைமனைவிப் பிள்ளைகள் கல்வியில் சிறந்தும் உயர்தேர்வு எழுத முடியாமல், தந்தையைத் தந்தை என்று பலர்முன் அழைக்கவும் தயங்கி வாழ்ந்தனர். 1779இல் மன்னர் ஜோங்ஜோ, யி தோக்மு, பாக் ஜேகா உள்ளிட்ட நால்வரை அரண்மனை நூலகமான க்யுஜாங்காக்கில் ஆய்வாளர்களாக அமர்த்தியது அவர்களுக்குத் திறந்த அரிய கதவு. கைம்பெண்களின் நிலையோ மேலும் இறுகிற்று. கணவனுக்குப் பின் மணமின்றி வாழ்ந்த, அல்லது உயிர்நீத்த பெண்ணின் நினைவாக அரசு ஊர்வாயிலில் சிவப்பு வாயில் ஒன்றை எழுப்பி, அவள் குடும்பத்துக்கு வரி, உழைப்புக் கடமைகளிலிருந்து விலக்கு அளித்தது. அவ்வாயில் குலத்துக்கே பெருமை என்றானபோது, இளங்கைம்பெண் ஒருத்தியின் விருப்பம் எத்தனை பேரின் ஆதாயத்துக்கு எதிரே நிற்க வேண்டியிருந்தது என்பதை எண்ணிப்பார்க்க வேண்டும்.

வியட்நாமின் அனுபவமும் இங்கே ஒப்பிடத்தக்கது. 15ஆம் நூற்றாண்டின் லே வம்சச் சட்டம் மகள்களுக்கும் சொத்துரிமை தந்து, மகன் இல்லாதபோது முன்னோர் வழிபாட்டுக்கான நிலத்தையும் மூத்த மகளிடமே ஒப்படைத்தது. 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ங்யூயென் வம்சம் சீனத்து சிங் சட்டத்தை ஒட்டி இயற்றிய தொகுப்பில் அவ்விதிகளுக்கு இடமில்லை. அங்கே மேலிருந்து வந்த சட்டம் மாற்றியதை, கொரியாவில் கீழே குடும்பங்களே மாற்றின.

1894ஆம் ஆண்டின் சீர்திருத்தங்கள் அடிமை முறையை ஒழித்து, கைம்பெண் மறுமணத்தை அவரவர் விருப்பத்துக்கு விட்டன. 1910இல் நாட்டைக் கைப்பற்றிய ஜப்பானியர், ஆண் தலைவரின் கீழ் குடும்பத்தாரைப் பதியும் தம் நாட்டு முறையைக் கொரிய வழக்கத்தோடு பிணைத்துக் குடும்பத்தலைவர் பதிவேட்டை நிறுவினர். விடுதலைக்குப் பின் 1960இல் நடைமுறைக்கு வந்த தென்கொரியக் குடிமைச் சட்டமும் அதைத் தொடர்ந்து, மகளுக்கு மகனைவிடக் குறைந்த பங்கையே தந்தது. மகனுக்கும் மகளுக்கும் சமபங்கு என்ற விதி 1991இல்தான் மீண்டும் சட்டமாயிற்று. பதிவேட்டு முறை அரசமைப்புக்கு ஒவ்வாதது என்று அரசமைப்பு நீதிமன்றம் 2005இல் தீர்ப்பளிக்க, 2008இன் முதல் நாளோடு அது ஒழிந்தது. அந்த 2005ஆம் ஆண்டிலேயே, குலத்துக்குப் பொதுவான நிலத்தை விற்ற பணத்தில் மணமான மகள்களுக்குப் பங்கில்லை என்று சொன்ன ஒரு குலச்சங்கத்துக்கு எதிரான வழக்கில், வயதுவந்த பெண்களும் குலச்சங்கத்தின் உறுப்பினரே என்று உச்ச நீதிமன்றம் கூறியது.

எஞ்சியிருந்தது படையல். உடன்பாடு இல்லாதபோது அதை நடத்தும் உரிமையும், அதோடு சேர்ந்த உடல், கல்லறை மீதான உரிமையும் மூத்த மகனுக்கே முதலில் உரியவை என்று 2008இல் கூறிய அதே உச்ச நீதிமன்றத்தின் முன், இறந்த ஒருவருடைய மனைவியும் மகள்களும் அவருக்கு மணவுறவுக்கு வெளியே பிறந்த மகனின் தரப்போடு அவருடைய உடலெச்சத்துக்காக வழக்காடினர். ஆண், பெண் என்ற வேறுபாடின்றி, நெருங்கிய நேர்வழி வாரிசுகளுள் வயதில் மூத்தவரே படையலை நடத்த உரியவர் என்று அந்நீதிமன்றம் 2023 மே மாதத்தில் தன் பழைய தீர்ப்பை மாற்றியது.